ஏற்றவற்றம், இரண்டு பவுண்டு

பென்சான்ஸில் பஸ் ஏறினோம்.
எலிவளை என்று எழுதிவைத்து
மவுசல் என்று வாசிக்கிற ஊருக்கு
இரண்டு முழு, ஓர் அரை டிக்கெட்.

ஐந்து நாள், ஆறு ஊர்.
கடற்கரைக்காரியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகப்
பரணீதரன் போட்ட திட்டம் இது.
எங்கள் கல்யாண நாளுக்கு.

நேற்று செயின்ட் ஐவ்ஸில்
அவர் கைக்கும் வாய்க்கும் நடுவே புகுந்து
வறுத்த மீனைக் கொத்திப் போனது ஒரு கடற்காகம்.
கோயம்புத்தூர்க்காரர், மீனுக்காக
இதுவரை யாரிடமும் தோற்றதில்லை.
பூவிழி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.
அதற்கு முந்தின நாள் நியூலின் ஏலக்கூடம்.
ஐஸ் பெட்டிகளைக் காட்டி
கானாங்கெளுத்தி, மத்தி, திருக்கை என்றேன்.
ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் வேறு பெயர்கள் சொன்னார்.
இரண்டுக்கும் வாய்திறந்தே கிடந்தன மீன்கள்.

மவுசலில் இறங்கி, இடிபடும் சந்துகளில் வளைந்து
துறைமுகம் என்று பலகை கைகாட்டிய இடத்துக்கு வந்தால்
கடல் இல்லை.

படகுகள் இருந்தன.
சேற்றில் ஒருக்களித்து,
யாருக்கும் காட்டாத அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு.
நங்கூரக் கயிறுகள் தரையில் கிடந்தன.
நடுத்துறைமுகத்தில் ஒரு நாய்
பந்து பொறுக்கிக்கொண்டிருந்தது.

"ஐ, மணல்!"
சிவப்பு வாளியோடு பூவிழி படி இறங்கிவிட்டாள்.

எனக்குக் கால் வரவில்லை. குரல் வந்தது.
"ஏறு புள்ள! ஏறு! ஏறு!"
பெஞ்சில் ஐஸ்கிரீம் தின்ற மூன்று பெண்கள்
கரண்டியைப் பாதியில் நிறுத்தினார்கள்.
பரணி என்னைப் பார்த்தார்.
இந்தக் குரலோடு அவர் குடித்தனம் நடத்தியதில்லை.

கீச்சாங்குப்பத்தில் எனக்குப் பதினொரு வயது.
முதல் அலை வந்து போயிருந்தது.
அப்புறம் கடல் உள்ளே போனது. இவ்வளவு தூரம்.
எவரும் பார்த்திராத தரை தெரிந்தது.
தரையில் மீன் துள்ளியது.
பாவாடையை ஏந்திக்கொண்டு கோகிலா இறங்கினாள்.
திரும்பிப் பார்த்து
என்னையும் கூப்பிட்டாள்.

மதில்மேல் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்,
ஏதாவது தொலைந்துவிட்டதா?
கடல், என்றேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"நாலு இருபதுக்கு முதல் படியைத் தொடும்."
பால்காரன் வரும் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் புத்தகமே போட்டிருக்கிறார்கள்.
தபால் அட்டைக் கடையில், இரண்டு பவுண்டு.
உள்ளங்கை அளவு. வருஷம் முழுக்க,
ஒவ்வொரு நாளும் கடல் எப்போது போகும்,
எப்போது வரும், எத்தனை மீட்டர்.
இந்த ஊரில் அது சொல்லிவிட்டுப் போகிறது.

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.
டிசம்பர் இருபத்தாறுக்கும் நேரம் போட்டிருந்தது.
மற்ற நாள்களைப்போலவே
பொடி எழுத்தில், நான்கு வரி.

மதிலில் உட்கார்ந்தோம்.
கீழே போகலாமா, என்று பூவிழி நான்கு தரம் கேட்டாள்.
நான்காவது தரம் பரணி அவளோடு இறங்கினார்.
நான் இறங்கவில்லை.
கடிகாரத்தையும் துறைமுக வாயையும்
மாறிமாறிப் பார்த்திருந்தேன்.
மூன்றே முக்காலுக்கெல்லாம்
ஏறிவிடுங்கள் என்றேன்.
ஏன் என்று கேட்காமல் ஏறினார்கள்.

சத்தமில்லாமல் வந்தது.
பூனை தட்டில் நாக்கு வைப்பதுபோல
படகுகளுக்கு நடுவே தடவித் தடவி.
கயிறுகள் ஈரமாகி மிதந்தன.
முதலில் ஒரு நீலப் படகு அசைந்து
நிமிர்ந்துகொண்டது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது.
"ஒரு படி போச்சும்மா... ரெண்டு..."

நாலு இருபத்தாறு.
ஆறு நிமிஷம் தாமதம், என்றேன்.
வலைக்காரர் தோளைக் குலுக்கினார்.
காற்று, என்றார்.

பஸ்ஸில் பரணி என் கையைப் பிடித்துக்கொண்டு
எதுவும் கேட்காமல் வந்தார்.
இன்று ராத்திரி சொல்லிவிடலாம்,
கோகிலாவின் பெயர் வரைக்குமாவது.
பூவிழி வாளியின் அடியில்
உயிரோடு ஒரு நத்தை.
அதைத் திரும்பக் கொண்டு விடவேண்டும்,
இப்பவே, என்று அவள் அழத் தொடங்கினபோது
பென்சான்ஸ் வந்துவிட்டது.
புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன்,
நாளைக்குக் கடல் எத்தனை மணிக்கு என்று.